என் தம்பியின் பச்சை டேப்

என் தம்பியைப் பட்டறை வரிசையில் ஷார்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒயரோடு ஒயர் உரசினால் பொறி பறக்கும். அவனோடு எவனாவது உரசினால் பல் பறக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயர் கடைக்காரனுக்கு முன்பல் இரண்டு, பெயிண்ட் அடிப்பவனுக்குத் தாடை, ஒரு லாரி கிளீனருக்கு விலா எலும்பு, இவ்வளவும் என் கண்முன்னால் போனவை. என் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததை அவன் பெண்டாட்டியிடம் கேட்டால் முதுகைத் திருப்பிக் காட்டுவாள்.

நான் அவனுக்கு அக்கா, எட்டு வயது மூத்தவள். அவனுக்கு வண்டி ஒயரிங் வேலை, எனக்கு ரேடியேட்டர் வேலை. ஒரே தகரக் கொட்டகையில் நடுவே பலகை அடித்து அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஓட்டை விழுந்த ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஆசிட் தடவி, அடுப்பில் காய்ந்த சூட்டுக்கோலால் ஈயப் பற்று வைத்து அடைப்பேன். முப்பது வருஷமாகச் செய்கிறேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தழும்பு. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கொட்டகை எங்கள் அப்பாவுடையது. அவருக்கும் கை சும்மா இருக்காது. அம்மா செத்த பிறகு அடிக்க ஆள் குறைந்துபோனதால் எங்கள் இருவருக்கும் பங்கு கூடியது. ரப்பர் ஹோஸால் அடிப்பார். அது எலும்பை உடைக்காது, சதையை மட்டும்தான் வீங்க வைக்கும், மறுநாள் வேலைக்கு ஆள் தேறும். அந்த அளவுக்கு யோசித்து அடிக்கிற மனுஷன். ஒரு நாள் நான் பற்று வைத்த ரேடியேட்டர் மறுபடி ஒழுகியது என்று சூட்டுக்கோலைத் தூக்கிக்கொண்டு என் மேல் வந்தார். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. எந்த மூலையிலிருந்து பாய்ந்தான் என்று தெரியவில்லை, அவர் கெண்டைக்காலைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டான். அவர் காலை உதறி உதறி அவன் தலையைச் சுவரில் மோதினார். இவன் பிடியை விடவில்லை. வாயெல்லாம் இரத்தம், பாதி அவருடையது, பாதி இவனுடையது. அதற்குப் பிறகு அப்பா என்னைத் தொட்டதில்லை. சாகும் வரைக்கும் நொண்டிக்கொண்டுதான் நடந்தார்.

அன்றிலிருந்து தம்பி எனக்குக் காவல். நான் கேட்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்ட வேலை. எனக்குக் கல்யாணம் ஆன நாலாவது மாசம் புருஷன் ஒரு அறை கொடுத்தான், நானும் ஒன்று திருப்பிக் கொடுத்தேன், இரண்டு நாளில் நாங்களே பேசிச் சமாதானம் ஆகியிருப்போம். என் கன்னத்தில் விரல் பதிந்திருந்ததை இவன் பார்த்துவிட்டான். புருஷனுடைய இரண்டு மணிக்கட்டையும் கொட்டகைப் படியில் வைத்து மிதித்தான். கட்டுப் பிரித்த அன்றைக்கே அந்த ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். "இனிமே உன்ன ஒருத்தனும் தொட மாட்டான்க்கா" என்றான் தம்பி. உண்மைதான். தொடவும் இல்லை, பெண் கேட்டு வரவும் இல்லை.

இப்படிப்பட்டவன் ஒயரைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி ஒவ்வொரு இழையாகப் பிரிப்பான். அவசரம் என்று யார் கத்தினாலும் காதில் விழாது. "ஒயர் பொய் சொல்லாதுக்கா. இணைக்கிறவன்தான் பொய் சொல்றான்" என்பான். எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒயரிங் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிற டேப். இணைப்பில் எந்த நிறம் சுற்றியிருக்கிறதோ அவன்தான் அதற்குப் பொறுப்பு. அடுத்தவன் டேப்பைப் பிரிக்க வேண்டுமானால் அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். தம்பிக்குப் பச்சை. பச்சை டேப் சுற்றிய வண்டி பழுதாகித் திரும்பி வராது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவனைப் பற்றி உலகத்தில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அவனும் அதைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தான்.

எதிர்க் கொட்டகையில் மஞ்சள் டேப். அது தம்பி பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. வேலையில் நிதானம் அதிகம் என்பதால் அவனுக்குப் பொறுமை என்று பேர். ஒரு ஹாரன் மாட்டச் சொன்னால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். தன் அக்கா வாங்குகிற அடியை எதிரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த பாவத்துக்கோ என்னவோ, என் தம்பியிடம் அவன் அதிகம் பேச மாட்டான். டேப் தீர்ந்தால் மட்டும், ஒயரைக் கட்டாகச் சுற்றிவைக்க என்று வந்து கேட்பான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப் போகிறது? எல்லாம் ஆரம்பித்தது என் கையால்.

ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஒன்று தண்ணீர் ஒழுகுகிறது என்று வந்தது. டிரைவர் நல்ல பையன், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரேடியேட்டரில் தப்பில்லை, இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடத்தில் இருக்கும் அலுமினிய மூடி வெடித்திருந்தது. பழைய சாமான் கடையில் தேடி வேறொரு மூடி வாங்கி மாட்டினேன். பழைய மூடியில் இரண்டு துளை, இரண்டு சென்சார். ஒன்று தண்ணீர்ச் சூட்டை இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது, இன்னொன்று டிரைவர் முன்னால் இருக்கிற மீட்டர் முள்ளுக்குச் சொல்வது. நான் வாங்கிய மூடியில் ஒரே துளைதான். கம்ப்யூட்டர் சென்சாரை அதில் முடுக்கிவிட்டேன். மீட்டர் ஒயர் அந்தரத்தில் தொங்கியது.

"அக்கா, முள்ளு ஏறவே இல்ல. முதலாளி பாத்தா என்னைத் தொலைச்சிடுவாரு. ஷிப்ட்டுக்கு ஆள் நிக்குறாங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் எதிரே டீ குடிக்கப் போனான்.

தம்பி அப்போது இல்லை. டயர் கடைக்காரனுடைய பல் கேஸில் ஜாமீன், தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வர ஒரு மணி நேரம் ஆகும். நான் யோசித்தேன். தண்ணீர் ஒன்றுதான், சூடு ஒன்றுதான், சென்சார் ஒன்று இருந்தால் இரண்டு பேருக்கும் சொல்லாதா? முப்பது வருஷம் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவளுக்கு இது தெரியாதா என்ற திமிர். கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை நடுவில் சீவி, மீட்டர் ஒயரை அதில் முறுக்கினேன். முறுக்கினது போதாது என்று, எனக்குத் தெரிந்த வேலையையும் காட்டினேன்: ரேடியேட்டருக்குத் தடவுகிற ஆசிட்டைத் தடவி, ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். மேலே தம்பி மேஜையில் கிடந்த பச்சை டேப்பைச் சுற்றினேன். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, டேப்பைப் பார்த்துவிட்டுச் சாவியைப் போட்டான். இன்ஜின் சூடேற ஏற முள் கால்பங்கு ஏறி நின்றது. "உங்க தம்பி வேலை சூப்பர்க்கா" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் ஸ்டேஷனில் யாரோ முறைத்தான் என்று முகம் சிவந்து வந்தான். அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது வேன் இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. டிரைவர் ஓரம் கட்டிவிட்டு முள்ளைப் பார்த்தான். அது கால்பங்கிலேயே நின்றது. சூடு இல்லை, ஃபேனும் ஓடவில்லை, அப்படியென்றால் தண்ணீர்தான் குறைந்திருக்கும் என்று நினைத்து இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடியோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. இடது கண் அங்கேயே வெந்துவிட்டது என்றார்கள். கழுத்துத் தோல் சட்டையோடு உரிந்து வந்ததாம். வேனில் இருந்த பெண்கள் போட்ட சத்தம் மேடு முழுக்கக் கேட்டதாம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்த வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு டிரைவருடைய அண்ணன்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ஆளுக்கு ஒரு இரும்புக் கம்பி. தம்பி அப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். வாயால் ஒரு வார்த்தை இல்லை. முதல் அடி முதுகில், இரண்டாவது காதுக்கு மேல். தம்பி திரும்பிப் பெரியவனை வயிற்றில் உதைத்துத் தள்ளினான், சின்னவன் முழங்காலில் அடித்தான், தம்பி விழுந்தான். விழுந்தவனை இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள். தொட்டித் தண்ணீரில் இரத்தம் தெறித்தது. நான் ஒரு ரேடியேட்டரை எடுத்துச் சின்னவன் தோளில் எறிந்தேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடா பண்ணேன், சொல்லிட்டு அடிங்கடா" என்றான் தம்பி கீழே கிடந்தபடி.

"எங்க தம்பி கண்ணு போச்சுடா. உன் டேப்புடா வண்டியில."

அந்த வார்த்தைக்கு அவன் எழுந்து நின்றான். அடிக்கு எழவில்லை, அதற்கு எழுந்தான். தலையிலிருந்து இரத்தம் கண்ணில் வழிந்தது, துடைக்காமல், "எங்க, காட்டு" என்று வேனை நோக்கி நடந்தான். அவர்களே ஒரு நொடி கம்பியைத் தாழ்த்திவிட்டார்கள். பானெட்டைத் தூக்கிக் குனிந்தான். டேப்பின் முனையைக் கண்டுபிடித்து மெதுவாகப் பிரித்தான், உள்ளே பார்த்தான், மூக்கருகே கொண்டுபோனான். பிறகு பிரித்த டேப்பை மறுபடி அப்படியே சுற்றிவிட்டான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். வெட்கம் கெட்ட மூச்சு.

தன் மீட்டரை எடுத்து வந்தான். தலை பிளந்து நிற்கிறவன், தன்னை அடித்தவர்களுக்கே வகுப்பு எடுத்தான். "பாத்துக்குங்க. சூடு ஏற ஏற இந்த சென்சார் உள்ள தடை குறையும். கம்ப்யூட்டர் இதுக்குக் கொஞ்சூண்டு கரண்ட் விட்டு, அதை வச்சு சூட்டைக் கணக்குப் போடுது. அது அதோட சென்சார், அதுல வேற எவனும் கை வைக்கக் கூடாது. இங்க மீட்டர் ஒயரையும் கட்டியிருக்கான். மீட்டரு பேட்டரி கரண்டை இதே வழியா உள்ள தள்ளுது. கம்ப்யூட்டர் கணக்கு தப்பாயிடுச்சு. கொதிக்கிற தண்ணியைப் பச்சைத் தண்ணின்னு நெனச்சு ஃபேனைப் போடல, டீசலை மட்டும் அள்ளி ஊத்திருக்கு. முள்ளுக்கும் இது அளவு எடுத்த சென்சார் இல்ல, அதான் கால்பங்குல நின்னிருக்கு. ரெண்டுக்கும் ஒண்ணைக் கட்டி ரெண்டையும் பொய் சொல்ல வச்சிருக்கான்."

"அதையெல்லாம் எங்களுக்கு எதுக்குச் சொல்ற? டேப்பு உன்னுதா இல்லையா?"

"டேப்பு என்னுது. கை என்னுது இல்ல."

"அப்ப யாரு கைனு காட்டு. சாயங்காலத்துக்குள்ள காட்டல, கொட்டகையோட சேத்து உன்னையும் கொளுத்திடுவோம்" என்றான் பெரியவன். போகவும் இல்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்தான் வைத்தேன் என்று இரண்டு வார்த்தை. அந்த அண்ணன்களுக்குப் பயந்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். தம்பியின் பச்சை டேப்பைத் தொட்டுவிட்டேன் என்று அவனிடம் சொல்லத்தான் பயந்தேன். இவன் யாரையாவது பிடித்து உடைக்கப் போகிறான், நான் சொல்லாவிட்டால் அந்த ஆள் முழுசாக வீட்டுக்குப் போக மாட்டான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் சூட்டுக்கோலை அடுப்பில் செருகிவிட்டு, வேலை இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தம்பி தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தாள். "உன் தம்பி போன வாரம் என்கிட்ட ஒரு டேப்பு வாங்கிட்டுப் போனான்ல?" என்று கேட்டான். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவன் அப்பவே திருப்பிக் குடுத்துட்டான், நான்தான் வாங்கி வச்சேன்" என்றாள். இவன் அதற்குள் தெருவைக் கடந்துவிட்டான்.

பொறுமை ஒரு காருக்குள் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தான். கார் கதவை இவன் காலால் மூடினான், இடுப்போடு சேர்த்து. வெளியே இழுத்துப்போட்டு முகத்தில் மூன்று குத்து. "என்ன மாமா, நான் என்ன மாமா பண்ணேன்" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அடியை மறிக்கக் கை தூக்கினானே தவிர, ஓங்கவில்லை. இவன் அவனைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்து வந்தான். ஒரு பக்கம் அவன் அக்கா இவன் காலைக் கட்டிக்கொண்டு இழுபட்டாள். அவளை ஒரு உதை விட்டான், அவள் என் தொட்டியில் மோதிச் சுருண்டாள். டீக்கடை பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். வரிசை முழுக்கக் கூடிவிட்டது. கூடினவர்களில் ஒருவன்கூடக் குறுக்கே வரவில்லை, பல்லின் மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கிறது.

தம்பியின் மேஜையில் பெரிய வைஸ் ஒன்று உண்டு. இரும்பைப் பிடித்து அறுப்பதற்கு வைத்திருப்பது. பொறுமையின் வலது கையை அதற்குள் வைத்து, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"சொல்லு. நீதான இணைச்ச?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல மாமா."

அரைச் சுற்று. பொறுமை கத்தினான். அவனிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

எழுந்து ஓடினேன். ஜனத்தைத் தள்ளிக்கொண்டு தம்பியின் தோளைப் பிடித்து, "டேய், விடுடா. நான்தான்டா வச்சேன். அந்த இணைப்பு நான் வச்சதுடா" என்றேன். பொறுமையின் அலறலில் அது கூட்டத்தில் யார் காதிலும் விழவில்லை.

அவன் திரும்பவில்லை. என் காதருகே தலையைச் சாய்த்து, எனக்கும் பொறுமைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "தெரியும். உன் ஈயம், உன் ஆசிட்டு நாத்தம். எனக்குத் தெரியாதா? உள்ள போக்கா" என்றான். சொல்லிவிட்டு இன்னொரு சுற்று முழுதாகச் சுற்றினான்.

விரல் எலும்பு உடையும் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. பொறுமையின் வாயில் சத்தம் நின்றுவிட்டது, கண் மேலே போய்விட்டது, கால் தொய்ந்து கையிலேயே தொங்கினான். இவன் மறுபடியும் கைப்பிடியில் கை வைத்தான்.

எனக்குள் வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. அருவருப்பு. வேனில் குனிந்து முகர்ந்தபோதே இவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக ஒருவனைக் கண்டுபிடித்து, எனக்காக அவன் விரலை நசுக்குகிறான், நான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டுமாம். ஒன்பது வயதிலிருந்து இவன் எனக்காக என்று செய்ததெல்லாம் ஒரு நொடியில் கண்முன்னால் வந்தது, என் புருஷனுடைய மணிக்கட்டும் சேர்த்து. ஓடிப்போய் அடுப்பிலிருந்து சூட்டுக்கோலை உருவினேன். செப்புத் தலை சிவந்திருந்தது. அதை அவன் கைப்பிடி பிடித்த கையின் புறங்கையில் வைத்து அழுத்தினேன்.

கருகிய நாற்றம் வந்தது. அவன் கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் இன்னும் அழுத்தினேன். "விடுறியா, கண்ணுல வைக்கட்டுமா" என்றேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. அவன் கைப்பிடியை விட்டு விலகினான். அவன் பெண்டாட்டி தவழ்ந்து வந்து வைஸைத் திருகி, தன் தம்பியின் கையை வெளியே எடுத்தாள். மூன்று விரல் தகடாகிப் போயிருந்தது. எடுத்துவிட்டு, மேஜையில் கிடந்த ஜாக்கி கம்பியால் என் தம்பியின் வாயில் ஒரு போடு போட்டாள். பல் விழுந்தது. பன்னிரண்டு வருஷக் கல்யாணத்துக்குச் சேர்த்து ஒரே போடு. அவன் அவளைத் திருப்பி அடிக்கவில்லை.

டிரைவருடைய அண்ணன்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ போன் போட்டிருந்தார்கள், போலீஸ் வந்தது. ஜாமீனில் இருக்கிறவன் என்பதால் தம்பியைக் கையோடு கூட்டிப்போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பொறுமையை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று மணிக்கு அங்கேயே கூட்டிவந்தார்கள். கை தலையணை மாதிரி இருந்தது. விரல் விஷயத்தில் கேட்க ஒன்றும் இல்லை, தெருவே சாட்சி. கண் விஷயம்தான் பாக்கி. அந்த இணைப்பை வைத்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான் வச்சேன் சார்" என்றேன். மூடி, ஒரு துளை, ஒயர், ஈயம், டேப், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று பேப்பரைத் தள்ளினார். நான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த தம்பி வாயைத் திறந்தான். உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. "சார், அது என் வேலை. பச்சை டேப்பு என்னுது. அவசரத்துல ஒரே சென்சார்ல ரெண்டையும் கட்டிட்டேன். அக்காவுக்கு ரேடியேட்டர் அடைக்கிறது தவிர ஒண்ணும் தெரியாது."

நான் பேனாவை எறிந்தேன். "பொய் சொல்றான் சார். அன்னிக்கு அந்த நேரத்துல இவன் இதே ஸ்டேஷன்லதான் கையெழுத்துப் போட்டுட்டு இருந்தான், நோட்டைப் பாருங்க."

"கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகுமா? போயிட்டு வந்து பண்ணிருப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர். நோட்டை எடுக்கவும் இல்லை. அவருக்கு இது வசதியாக இருந்தது. இரண்டு கேஸுக்கும் ஒரே ஆள், அதுவும் ஏற்கெனவே கைக்குள் இருக்கிற ஆள். சாஸ்திரத்துக்குக் கேட்கிற மாதிரி பொறுமையிடம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நீயும் அதே தொழில்தான. யாரு வேலை அது?"

பொறுமை உடனே பதில் சொல்லவில்லை. அவன்தான் எதையும் உடனே செய்கிறவன் இல்லையே. கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் சொன்னதையும் தம்பி சொன்னதையும் மூன்று விரல் தூரத்தில் நின்று கேட்டவன் அவன் ஒருவன்தான். "சொல்லுடா, உனக்குத்தான் தெரியுமே" என்று கெஞ்சினேன்.

"மாமா வேலைதான் சார்" என்றான். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் தம்பி எத்தனை வருஷம் உள்ளே இருக்க முடியுமோ அத்தனை வருஷம் இருக்கட்டும் என்று அவன் நினைத்தால், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

தம்பியை எழுப்பி உள்ளே கூட்டிப்போனார்கள். வேகாமல் இருந்த கையைச் சுவரில் ஊன்றி எழுந்தான். பொறுமையின் பக்கத்தில் வந்ததும் நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து ஏட்டு தடியை எடுத்தார், பொறுமை கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் மச்சான்" என்றான் என் தம்பி. "அக்காவை விட்டுட்ட. ரொம்ப தேங்க்ஸ்."

கிழிந்த வாயால் சிரித்தபடி என்னையும் ஒரு பார்வை பார்த்தான், எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டேன் என்கிற பார்வை. அவன் வாழ்நாளில் இன்னொருவனுக்கு நன்றி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பின் மேல் அறைய வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. கதவைச் சாத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற டிரைவரிடம் போய் உண்மையைச் சொன்னால், அவனும் நம்ப மாட்டான்.